ஊமைப் பெட்டிகளுக்கு ஒரு விவரக் கோப்பு

அந்தப் பன்னிரண்டு கணினிப் பெட்டிகளும் கெட்டுப்போகவில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். ஏனெனில் கெட்டுப்போய்விட்டன என்று இன்றும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். மின்சாரம் கொடுத்தால் பச்சை விளக்கு எரிந்தது. செயலி நலமாக இருந்தது, நினைவகமும் திரையும் நலமாக இருந்தன. ஆயினும் தொடங்கிய அரை நிமிடத்தில், உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, நிறுவனத்தைத் தொடர்புகொள்க என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் திரையில் வந்து நிற்கும். அதற்கு மேல் ஓரடி நகராது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் உடம்புக்கு மூங்கில் வெட்டப் போகிறார்கள் என்று நான் சொன்னபோது, மாமி மிகைப்படுத்துகிறார் என்றார்கள்.

பெட்டிகள் இருந்த இடம் காட்டூரில் ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடி அறை. அந்த அறை டீச்சருடையது. சட்டப்படி அன்று, உழைப்பின்படி. மன்னார்புரத்தில் வசிக்கும் அவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் காலைத் திருப்பலி தவறாதவர். ஜவுளிக்கடைகளில் நின்று நின்று கால் வீங்கிய பெண்களும், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் வேலை செய்பவர்களும் மாலையில் அங்கே வந்து, அரசுத் தேர்வுகளுக்குக் கணினியில் பயிற்சி பெற்றார்கள். வாரம் ஒருமுறை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், இணைப்புக் கம்பிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் கைங்கரியம். முப்பத்து நான்கு ஆண்டுகள் தொலைபேசித் துறையில் கம்பிகளோடு வாழ்ந்தவள் நான்; ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எஞ்சியவை இரண்டு, பாசுரங்களும் பற்றவைக்கும் கோலும்.

பெட்டிகளைச் செய்த நிறுவனம் அந்த மாதிரியைக் கைவிட்டு, உரிமம் சரிபார்க்கும் தன் சேவையகத்தையும் மூடிவிட்டது. ஆனி கடைசியில் ஒரு நாள் பன்னிரண்டும் ஒருசேர நின்றன. கட்டடத்துச் செயலாளர் மறுநாளே படியேறி வந்தார்.

"டீச்சரம்மா, கீழே பாத்திரக்கடைக்காரரு சரக்கு வைக்க இடம் கேக்கறாரு. ஆடி முடியறதுக்குள்ள இதெல்லாம் ஓடினா ரூம் உங்களுக்கு. ஓடலைன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டுச் சாவியக் கொடுத்துடுங்க."

டீச்சர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அழவில்லை. அழும் குரலைவிடக் கடினமானது அவருடைய அழாத குரல்.

"மாமி, உங்க பெருமாள்கிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க."

"பெருமாளுக்குத் தெரியாதா டீச்சர்? நான் முதல்ல கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்."

எங்களுக்கு முன்னே நின்ற தடை என்ன என்பதை, கணினி அறியாதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். நம் மேசைமேல் இருக்கும் பெரிய கணினியின் உறுப்புகள் பல, யார் நீ என்று கேட்டால் பதில் சொல்லும். அந்தப் பெட்டிகளில் இருந்தது கைப்பேசிகளில் இருப்பது போன்ற ஆர்ம் வகைச் சில்லு. அதன் உறுப்புகள் ஊமைகள். கடிகாரம் எந்த முகவரியில் இருக்கிறது, வலை இணைப்பின் மணி எந்தக் கம்பியில் அடிக்கும் என்றெல்லாம் வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்தால், உலகமெங்கும் பொதுவில் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் அப்படியே வந்து குடியேறும். உறுப்புகளை ஆளும் வித்தை அதன் உள்மையமான கெர்னலுக்கு முன்பே தெரியும்; எந்த உறுப்பு எங்கே என்பதுதான் தெரியாது. அந்த விவரத்தை எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முறையில் எழுதும் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். மின்சுற்றுப் பலகையிலேயே பதிந்த நிரல், அட்டவணைகளாக அந்த விவரத்தை எடுத்துச் சொல்லும் வேறொரு நெறியும் உண்டு. எந்த நெறி உயர்ந்தது என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டும் சம்மதமே. விவரத்தைச் சொல்லாமல் பொருளை மட்டும் விற்பது ஒன்றே எனக்குச் சம்மதமில்லாதது.

திருவடியில் தொடங்கித் திருமுடி வரை, ஒவ்வோர் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகும் பாசுரங்களில் வளர்ந்தவள் நான். சந்நிதிக்குள் ஒருநாளும் வர இயலாதவன், தொலைவில் ஒரு வயல்வரப்பில் நின்று கேட்டாலும் அந்தத் திருமேனி அவன் கண்ணில் நிற்க வேண்டும் என்பதற்காக அப்படிச் சொன்னார்கள். ஒரு விவரக் கோப்பின் தர்மமும் அதுதான். பலகையைப் பாராத ஒன்றுக்குப் பலகையைக் காட்டுவது. இந்த இடத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டும், கோபுரமேறி ஊரறிய மந்திரம் சொன்ன ஆசாரியரின் கதையை நான் எடுக்கப்போவதில்லை. ரகசியத்தை உரக்கச் சொன்னவருக்குப் பெருங்கருணை வேண்டியிருந்தது. நான் கேட்டது ரகசியமே அன்று. பொருளை விற்றவன் பொருளோடு கொடுத்திருக்க வேண்டிய சீட்டு.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவில் ஓர் இளைஞர் பேசினார்.

"மேடம், அந்த டீட்டெய்ல்ஸ் எல்லாம் எங்க கம்பெனியோட சொத்து."

"நீங்க பெட்டிக்குள்ள வெச்சிருக்கறது பொதுவுல கிடைக்கற கெர்னல். அதை எடுத்துண்டவா, மாத்தி எழுதினதைக் கேட்டவாளுக்குக் கொடுக்கணும்னு அதோட உரிமத்துலயே இருக்கு. கொடுங்கோ."

"இதெல்லாம் உங்களுக்கு யாரு மேடம் சொல்லித் தர்றாங்க? உங்க பையனா?"

"எனக்குப் பையன் கிடையாது. நான் சொல்லிக் கொடுத்தவா நாலு ஜில்லாவுல இருக்கா."

"வயசான காலத்துல கோயில் குளம்னு நிம்மதியா இருக்கலாம்ல? புதுசு வாங்கச் சொல்லுங்க, டிஸ்கவுன்ட் பேசித் தர்றேன்."

"கோயிலுக்குப் போய் சேவிச்சுட்டு வந்துதான் உங்களைக் கூப்பிட்டேன். கோப்பை எப்போ அனுப்பறேள்?"

ஆறு கடிதங்கள் எழுதினேன். ஆறாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது; கொடுத்தது யாருக்கும் பயன்பட்டுவிடவும் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சாதிக்கும் கெட்டிக்காரத்தனத்தை அன்று பார்த்தேன். கோப்பை எழுத்தாக அனுப்பவில்லை. காகிதத்தில் அச்சிட்டு, அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, சாய்ந்தும் மங்கியும் இருந்த நாற்பத்து மூன்று படங்களாக அனுப்பியிருந்தார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் நிரலிடம் கொடுத்தேன்; எட்டை எல்லாம் ஆங்கில 'பி' ஆக்கிக் கொடுத்தது. ஓர் எண் மாறினாலும் பெட்டி விழிக்காது.

சரி, படங்களை அச்செடுத்து, கண்ணால் படித்துக் கையால் அடிப்போம் என்று உட்கார்ந்தேன். அந்த வைகாசியில்தான் எனக்குக் கண்புரை அறுவை ஆகியிருந்தது. காகிதத்துக்கும் திரைக்கும் மாறி மாறிப் பார்த்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஒரு பக்கம் முடிப்பதற்குள் மாலையாகிவிட்டது. ஆடி பிறந்து பத்து நாள் கழிந்திருந்தது.

என் கண் பழுதுபட்டாலும் என் காது பழுதுபடவில்லை. நான் கற்றதெல்லாம் காதால் கற்றது. அதனால் எங்கள் கோஷ்டியைக் கூட்டினேன். எங்கள் வீதியில் நாங்கள் நான்கு பெண்கள், சனிக்கிழமைதோறும் பிற்பகலில் என் கூடத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்ந்து பாசுரம் சேவிப்போம். ஒரு வரிசை ஓரடி சொல்ல, மறு வரிசை அடுத்த அடியைச் சொல்லும். இப்போது ஒரு வரிசை காகிதத்தைப் பார்த்து வாசிக்கட்டும், மறு வரிசை அதே வரியைக் காகிதத்தோடு ஒப்பிட்டுத் திருப்பிச் சொல்லட்டும், இரண்டும் ஒத்தால் நான் அடிக்கிறேன் என்றேன். வரிசையில் என் இடம் காலியானதால், அங்கே உட்கார மன்னார்புரத்திலிருந்து டீச்சர் வந்தார்.

கோஷ்டியில் ஒருத்தியான எதிர்வீட்டு மாமி முதல் பக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ன பாஷைடி?"

"கம்ப்யூட்டர் தன் உடம்பைப் பத்திச் சொல்லிக்கற பாஷை."

"உடம்பைப் பத்திச் சொல்றதுன்னா எங்காத்து மாமாகிட்ட விட்டிருக்கலாமே. முட்டிவலியில ஆரம்பிச்சா முழுராத்திரி போறாது."

"மாமி, இதுல வலி கிடையாது. விலாசம்தான்," என்றார் டீச்சர். ஒரு வரி முடியும்போதெல்லாம் மடியில் வைத்திருந்த ஜபமாலையில் ஒரு மணியைத் தள்ளினார். எந்தப் பக்கத்தில் எத்தனை வரி என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"எண்ணிக்கை தப்பாதோல்லியோ?" என்று கேட்டேன்.

"அம்பது வருஷமா தப்பினதில்லைங்க."

இப்படியாகத் தொடர்ந்து ஒன்பது பிற்பகல்கள். வாசலில் போனவர்கள் நின்று கேட்டார்கள். "ஒன்று, டி, எஃப் சைபர் எட்டு!" என்று ஒரு வரிசை முழங்க, "ஒன்று, டி, எஃப் சைபர் எட்டு!" என்று மறு வரிசை ஏற்றுச் சொல்லும். வீதியில் ஒரு பெரியவர் இது எந்தத் திவ்யதேசத்துப் பாடம் என்று வினவியதாகவும், எதிர்வீட்டு மாமி "காட்டூர்" என்று விடை சொன்னதாகவும் கேள்வி.

பழைய கோப்பு பழைய முறையில் எழுதப்பட்டது. எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சொற்களை இன்றைய நெறிக்கு மாற்றினேன். எழுதி முடித்ததும் அதைக் கணினி வடிவாக்கும் நிரல் தடையின்றி ஏற்றுக்கொண்டது. விதிநூலோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிரலும் உண்டு. அதை நான் ஓட்டவில்லை. இரண்டு வரிசை கேட்டு, ஒத்து, எழுதிய பாடத்துக்கு மேல் என்ன சரிபார்ப்பு என்ற கர்வம். என் குற்றத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

காட்டூர் அறையில் ஒரு பெட்டியைத் திறந்து, அதன் பலகையில் மூன்று கம்பிகளைப் பற்றவைத்தேன். திரை உயிர் பெறுவதற்கு முன் பெட்டி தனக்குள் பேசிக்கொள்வதை அந்தக் கம்பிகள் வழியே என் மடிக்கணினியில் படிக்கலாம். சிறு நினைவட்டையில் லினக்ஸையும் எங்கள் கோப்பையும் ஏற்றிச் செருகினேன். வரிகள் ஓடின. நினைவகத்தைக் கண்டுகொண்டது, நான்கு செயலிக் கருக்களைக் கண்டுகொண்டது. டீச்சர் என் தோளைப் பற்றினார். பிறகு வரிகள் நின்றுவிட்டன. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பத்து முறை தொடங்கினோம். பத்து முறையும் அதே வரியில் நின்றது.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. டீச்சர் அலமாரியில் இருந்த புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"என்ன பண்றேள்?"

"கடைசி நாள் அவசரப்பட வேண்டாம்னுதான் மாமி. பொண்ணுங்களுக்கு வேற இடம் பாக்கணும். எங்க சர்ச் வராந்தா சாயங்காலம் காலியா இருக்கு. கம்ப்யூட்டர் இருக்காது, பரவாயில்லை."

"வெளியில எடுத்து வையுங்கோ."

"மாமி…"

"புஸ்தகத்தை வெளியில எடுத்து வையுங்கோன்னேன்."

அன்று பஸ்ஸில் காவிரிப் பாலம் கடக்கும்போது பெருமாளிடம் சண்டை பிடித்தேன். அவனோடு ஊடவும் அவனைக் கடியவும் பாசுரங்களே எனக்கு உரிமை தந்திருக்கின்றன. அத்தனை பேரைத் திருவடியில் சேர்த்துக்கொண்டவனுக்குப் பன்னிரண்டு பெட்டிகள் பாரமா? கைவிரல் அளவு சில்லு ஒன்று ஊமையாகக் கிடப்பது உன் காதுக்கு எட்டவில்லையா? பக்கத்தில் இருந்த அம்மாள், நான் கைப்பேசியில் யாரையோ திட்டுவதாக எண்ணித் தள்ளி அமர்ந்தார்.

வீடு வந்ததும் நின்ற இடத்தை மறுபடி ஆராய்ந்தேன். காலக்கணிப்பானை ஆயத்தம் செய்யும் இடம் அது. காலத்தை அறிவிக்கும் மணிகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் கொண்ட ஓரடி; ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் அந்தக் கணக்கில் எண்களே. கெர்னல் அவற்றைப் பெயரால் தேடுவதில்லை, வரிசையால் தேடுகிறது. முதல் அடி பாதுகாப்புப் பகுதிக்கு உரியது. இரண்டாவது அடிதான் கெர்னலுக்கு. அந்த எண்கள் காகிதத்தில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று டீச்சரைத் தொலைபேசியில் கேட்டேன். படங்களின் அச்சுப் பிரதி அவரிடம் இருந்தது.

"ஒன்று, டி. ஒன்று, ஈ. ஒன்று, பி. ஒன்று, ஏ. நாலு வரிதான் மாமி."

"என் கோப்புல ஆறு வரி இருக்கே."

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு டீச்சர் தயங்கிச் சொன்னார்.

"அன்னிக்கு அந்த இடத்துல நான் ஆறு மணி தள்ளினேன். ஓரத்துல ஆறுன்னுதான் குறிச்சிருக்கேன். கேக்கலாம்னு நினைச்சேன். நீங்க எல்லாரும் ஒரே குரலா சொன்னீங்க, உங்க வழக்கமா இருக்கும்னு விட்டுட்டேன்."

வழக்கம்தான். பதிகம் சேவிக்கும்போது முதல் பாசுரத்தையும் கடைசிப் பாசுரத்தையும் இருமுறை சொல்வது எங்கள் முறை. நாற்பது ஆண்டுப் பழக்கம். மற்ற எண் பட்டியல்கள் ஒன்றிரண்டோடு முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் நான்கு அடியாக, சந்தத்தோடு வந்தது. வாய் தானாக முதலையும் கடைசியையும் இரட்டித்திருக்கிறது. எதிர் வரிசை தானாக ஏற்றிருக்கிறது. என் விரல்கள் காதைப் பின்பற்றி ஆறும் அடித்திருக்கின்றன. அதனால் இரண்டாவது இடத்தில் மறுபடியும் முதல் அடியே நின்றது. தனக்காக ஒருநாளும் அடிக்காத ஒரு மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கெர்னல் உட்கார்ந்திருந்தது.

இரண்டு அடிகளை நீக்குமுன், நான் ஓட்டாமல் விட்ட விதிநூல் நிரலை ஓட்டினேன். பட்டியல் நீளம் மிகுதி, ஐந்துக்கு மேல் கூடாது என்று கூறி, வரி எண்ணையும் காட்டியது. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். நெறி என்று ஒன்றை எல்லாரும் கூடி வகுத்திருப்பது, அடுத்தவன் பிழையைப் பிடிக்க மட்டும் என்று எண்ணியிருந்தேன் போலும்.

எதிர்வீட்டு மாமியிடம் சொன்னேன். அவள் சிறிதும் வருந்தவில்லை.

"ரெண்டு தரம் சேவிச்சா புண்ணியம் ஜாஸ்தின்னு உன் யந்திரத்துக்குத் தெரியலையா? தெரியாததுக்கு நான் என்ன பண்ணுவேன்!"

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு முதல் பெட்டி விழித்தது. வரிகள் நின்ற இடத்தைத் தாண்டி ஓடின. சற்று நேரத்தில் திரையில் பெயரைக் கேட்டு ஒரு கட்டம் வந்தது. டீச்சர் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார், நான் கை கூப்பினேன். அட்டைகளில் நகல் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவதோடு சேர்த்துப் பதினொரு பெட்டிகளை எழுப்பினோம். பன்னிரண்டாவதில் அட்டை செருகும் வாய் உடைந்திருந்தது.

அதே வாரம் எங்கள் கோப்பை, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, லினக்ஸின் பொது மூலத்துக்கு அனுப்பினேன். உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து அதைப் பராமரிக்கும் முன்பின் அறியாத ஒருவர், உறுப்புகளை முகவரி வரிசையில் அடுக்குக, இந்தப் பெயரிடல், முறைக்கு மாறானது என்று திருப்பி அனுப்பினார். வாதாடினேன். தோற்றேன். தோற்க வேண்டிய வாதம்தான் அது. மூன்றாம் முறை அனுப்பியபோது எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதினார்.

ஆடி முப்பதாம் நாள் மாலை செயலாளர் அளவு நாடாவோடு வந்தார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"பன்னெண்டும் ஓடணும்னுல்ல சொன்னேன்? ஒண்ணு கிடக்குதே."

"பதினொண்ணு ஓடுது. அந்த ஒண்ணுக்கும் ஒரு வழி பண்ணுவோம்," என்றார் டீச்சர்.

"இது ஏதோ தற்காலிகமா ஒட்டு போட்டிருக்கீங்க. அஞ்சு வருஷம் ஓடும்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதிக் கொடுக்க மாட்டேன்," என்றேன். "செஞ்சு வித்தவாளே அப்படி எழுதிக் கொடுக்கலை. நான் எதுக்குக் கொடுக்கணும்?"

"நாளைக்கு நீங்க இல்லைன்னா இதை யாரும்மா பாக்கறது?"

"யார் வேணும்னாலும். இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒளிக்காம எழுதி, ஊரறிய வெச்சாச்சு. படிக்கத் தெரிஞ்ச எவளும் பாத்துக்கலாம். நான் இருக்கணும்கிற அவசியமே இல்லாமதான் பண்ணியிருக்கேன்."

செயலாளர் நாடாவை விரிக்கவும் இல்லை, சுருட்டவும் இல்லை. "பாத்திரக்கடைக்காரர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன் டீச்சரம்மா."

"எங்களுக்கும்தான் கொடுத்தீங்க. ஆடி முடியறதுக்குள்ள ஓடினா ரூம் உங்களுக்குன்னு இதே இடத்துல நின்னு சொன்னீங்க. இன்னும் ஆடி முடியலைங்க."

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தை வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"தைன்னா தை. அப்ப வாங்க. அப்பவும் இதே மாதிரி பேசுவோம்."

அவர் நகராமல் ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தார். கடைசி வரிசையில், ஜவுளிக்கடைச் சீருடையை மாற்ற நேரமின்றி ஓடி வந்திருந்த ஒரு பெண், திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"சார், வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க."